துபாயில் லெபனான் உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: முன்பதிவிலிருந்து பில் வரை

துபாய்க்கு வேலைக்கு வந்த சில மாதங்களுக்குள் எப்படியும் ஒரு நாள் லெபனான் உணவகத்தில் உட்கார வேண்டி வரும். அலுவலக விருந்தாக இருக்கலாம், ஊரிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிப் போவதாக இருக்கலாம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: நல்ல பசியோடு உட்கார்ந்து, மெனுவில் இருக்கும் சின்னச் சின்னத் தட்டுகளில் பத்துப் பன்னிரண்டை ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். எல்லாம் ஒன்றாக வந்து மேசை நிறையும். ரொட்டியிலும், கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸிலும் வயிறு நிரம்பிவிடும். கரியடுப்பில் சுட்ட கறி வரும்போது யாராலும் கை வைக்க முடியாது. பில்லோ நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. இதைத் தவிர்ப்பது கஷ்டமே இல்லை. வரிசையாகச் செய்ய வேண்டியவை கீழே.

1. எந்த மாதிரிக் கடை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லெபனான் சாப்பாடு என்றால் துபாயில் மூன்று தரத்தில் கிடைக்கும். முதலாவது ஷவர்மா, மனாகீஷ் (மேலே மூலிகைத் தூளோ சீஸோ பரப்பிச் சுட்ட ரொட்டி) கடை. பழைய ஆட்கள் இன்னும் டியாஃபா தெரு என்று சொல்லும் டிசம்பர் 2 தெருவில் இருப்பவை இந்த வகை. முன்பதிவு வேண்டாம், தலைக்கு முப்பது நாற்பது திர்ஹத்தில் வயிறு நிறையும். இரண்டாவது டெய்ரா அல் ரிகா பக்கம் பார்க்கும் குடும்பக் கிரில் கடை. பெரிய தட்டு, நிறைய வெளிச்சம், சுறுசுறுப்பான பரிமாறல். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு உரியது. நிதி மையமான டி.ஐ.எஃப்.சி., டவுன்டவுன், நட்சத்திர ஓட்டல்கள் ஆகிய இடங்களில் இருக்கும் நவீன உணவகம். மங்கல் விளக்கு, திறந்த சமையலறை, பகிர்ந்து சாப்பிடும் சின்னத் தட்டுகள், பழைய பதார்த்தங்களுக்குப் புது வேஷம்.

மூன்றாவது வகைக்குப் போகிறோம் என்று தெரியாமல் இரண்டாவது வகைக்கான பணத்தோடு போவதுதான் முதல் பொறி. கடையின் மெனுவை இணையத்தில் திறந்து ஹம்முஸ் விலையைப் பாருங்கள். மது இல்லாமல் ஒருவருக்கு ஆகும் செலவு அதைப் போல நான்கு, ஐந்து மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஹம்முஸ் 35 திர்ஹம் என்றால் தலைக்கு 140 முதல் 175 வரை ஆகும். மது சேர்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

2. மேசை பதிவு செய்யும்போதே ஐந்து கேள்வி

தொலைபேசியில் அழைத்துப் பதிவு செய்வது நல்லது. ஆப்பில் பதிந்தாலும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

குறைந்தபட்சச் செலவு என்று ஏதாவது உண்டா? பாட்டு, ஊத் (அரபு நரம்புக் கருவி) வாசிப்பு, பெல்லி டான்ஸ் இருக்கும் இரவுகளில் தலைக்கு இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்று வைத்திருப்பார்கள். அதே கடையில் செவ்வாய்க்கிழமை அந்த நிபந்தனை இருக்காது.

அன்றைக்கு முழு மெனு கிடைக்குமா, செட் மெனு மட்டுமா? ரமலான் மாதத்தில் இஃப்தார் நேரத்துக்குப் பல இடங்களில் தலைக்கு ஒரு விலை என்று செட் மெனு மட்டும்தான். சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எல்லாரும் ஒன்றாக வருவதால் இஃப்தாருக்கு முன்பதிவு இல்லாமல் போகவே போகாதீர்கள்.

வராவிட்டால் பணம் பிடிப்பீர்களா? கார்டு எண் வாங்கிக்கொள்ளும் கடைகள், சொல்லாமல் வராமல் போனால் தலைக்கு ஒரு தொகையைப் பிடிக்கும். எத்தனை மணிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேசை எவ்வளவு நேரத்துக்கு? வார இறுதியில் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைப்பதுண்டு. இந்தச் சாப்பாடு நிதானமாகச் சாப்பிட வேண்டியது. இரண்டு மணி நேரம் போதாது.

புகை இல்லாத இடம் இருக்கிறதா? வெளி மாடம் அழகாக இருக்கும், ஆனால் ஷிஷா (ஹூக்கா) புகையும் அங்கேதான். கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ உடன் வந்தால் உள்ளே மேசை கேளுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் வெளியே உட்காருவது சுகம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. அரபுக் குடும்பங்கள் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரத் தொடங்கும். ஏழு, ஏழரைக்கு மேசை எளிதாகக் கிடைக்கும், பரிமாறுகிறவர் விளக்கம் சொல்லவும் நேரம் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே சரியான நேரம்.

3. கையில் இருக்க வேண்டியவை

மது அருந்த துபாயில் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமையாகத் தெரிந்தால் எமிரேட்ஸ் ஐடி கேட்பார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லட்டும். ஓட்டல்களிலும் உரிமம் பெற்ற இடங்களிலும்தான் மது. ஷார்ஜாவில் எங்கேயும் கிடையாது. ஓட்டல் கடைகளில் இரவில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்ட ஆண்களை வாசலிலேயே நிறுத்துவதுண்டு. கொஞ்சம் ரொக்கமும், பத்து இருபது திர்ஹம் சில்லறை நோட்டுகளும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. மெனுவைப் படிக்கும் விதம்

எல்லா லெபனான் மெனுவும் ஏறக்குறைய ஒரே அடுக்கில் இருக்கும்: குளிர்ந்த மெஸே (பகிர்ந்து சாப்பிடும் சின்னத் தட்டுகள்), சூடான மெஸே, பச்சைக் கறி (சமைக்காத இறைச்சி), மஷாவி எனப்படும் கரியடுப்புச் சுடல், இனிப்பு. மெஸே என்பது தொட்டுக்கொள்ள வைக்கும் பக்கத் தட்டு இல்லை. அதுதான் சாப்பாட்டின் பெரும்பகுதி. இதைப் புரிந்துகொண்டால் ஆர்டர் தானாகச் சரியாகிவிடும்.

குழப்பும் பெயர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சுட்ட கத்தரிக்காயை எள் விழுதான தஹினியோடு மசித்தால் முத்தபல். தஹினி சேர்க்காமல் தக்காளி, வெங்காயம், மாதுளைப் பாகு சேர்த்துக் கலந்தால் பல லெபனான் உணவக மெனுக்களில் அது பாபா கனூஜ். நம் ஊர்க் கடைகளில் முத்தபலையே பாபா கனூஜ் என்று விற்றுப் பழக்கிவிட்டார்கள். அதனால் தெரியாமல் இரண்டையும் சொல்லி, ஏன் இரண்டு என்று திகைக்கிறோம். குளிர்ந்த மெஸேயில் வரும் முசக்கா, கிரேக்கர்களின் கைமா அடுக்கு அல்ல. கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும் தக்காளியில் வேகவைத்து ஆறவைத்தது, முழுச் சைவம்.

'நய்யே' என்ற சொல் இருந்தால் பச்சைக் கறி. கிப்பே நய்யே என்பது பச்சை ஆட்டுக்கறியையோ மாட்டுக்கறியையோ உடைத்த கோதுமையோடு அரைத்துப் பரப்பியது. சூடான மெஸேயில் வரும் கிப்பே வேறு: கோதுமையும் கறியும் சேர்ந்த ஓட்டுக்குள் கைமாவும் பைன் கொட்டையும் வைத்துப் பொரித்த உருண்டை. பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் மாற்றிச் சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பச்சைக் கறியைத் தொட வேண்டாம்.

'லஹ்ம்' அல்லது 'லஹ்மே' என்றால் பொதுவாகக் கறி. எந்த மிருகம் என்று அந்தச் சொல் சொல்லாது. மாடு 'பகர்', ஆடு 'கனம்', கோழி 'தஜாஜ்', லெபனான்காரர் வாயில் 'ஜேஜ்'. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கஃப்தா (கைமாச் சுடல்), கிப்பே, மகானேக், சுஜுக் (இவை இரண்டும் சாசேஜ்) ஆகிய நான்கையும் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். கடைக்குக் கடை ஆடு, மாடு, கலவை என்று மாறும். ஷிஷ் தாவூக் என்றால் கோழிதான், சந்தேகமே வேண்டாம்.

நவீனக் கடைகளில் ட்ரஃபிள் ஹம்முஸ், வாக்யு கஃப்தா, கினோவா தபூலே (தபூலே என்பது பார்ஸ்லிக் கீரைச் சாலட்) என்று ஒரு வரிசை இருக்கும். முதல்முறை அவற்றை விடுங்கள். சாதாரண ஹம்முஸையும் சாதாரண தபூலேவையும் சரியாகச் செய்யாத சமையலறை ட்ரஃபிள் ஊற்றிக் காப்பாற்ற முடியாது.

5. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

லெபனான் சமையல் சைவர்களுக்கு மிக நல்லது, இரண்டு சொற்கள் தெரிந்தால். 'பி ஸேய்த்' என்றால் எண்ணெயில் செய்தது. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிப் பதார்த்தங்களுக்கு இந்தப் பெயர். லூபியே பி ஸேய்த் என்றால் பீன்ஸ். 'சியாமி' என்றால் கிறிஸ்தவர்களின் நோன்புக் காலச் சமையல். கறி, பால், முட்டை எதுவும் இருக்காது. இந்த இரண்டு சொல்லில் எது இருந்தாலும் நிம்மதியாகச் சொல்லலாம்.

பொறிகள்: திராட்சை இலைச் சுருளான வரக் இனப் குளிர்ந்ததாக வந்தால் அரிசியும் பார்ஸ்லியும், சூடாக வந்தால் கைமா. பருப்பு சூப்பிலும் சேமியா கலந்த சாதத்திலும் கோழி எலும்புச் சாறு சேர்த்திருக்கலாம். 'கறி இல்லை' என்ற பதிலோடு விடாமல் 'சிக்கன் ஸ்டாக் இருக்கிறதா' என்று தனியாகக் கேளுங்கள். வடை போன்ற ஃபலாஃபலும் கிப்பேயும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் பொரியும் சமையலறைகள் உண்டு. தூம் எனப்படும் வெள்ளைப் பூண்டு விழுது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை மட்டுமே கொண்டது, ஆனால் சிலர் முட்டை வெள்ளைக்கருவும் சேர்க்கிறார்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். தஹினி என்றால் எள். சிவப்பு மிளகாய் விழுதான முஹம்மராவில் அக்ரூட். ஜல்லாப் பானத்தின் மேலேயே பைன் கொட்டை மிதக்கும்.

6. எத்தனை தட்டு, எந்த வரிசையில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஒரே தடவையில் ஆர்டர் செய்யாதீர்கள்.

இரண்டு பேருக்கு மூன்று குளிர்ந்த மெஸே, ஒரு சூடான மெஸே, ஒரு மஷாவித் தட்டு. நான்கு பேருக்கு நான்கு குளிர்ந்தது, மூன்று சூடானது, ஒரு கலப்பு மஷாவி. ஆறு பேருக்கு மேல் போனால் குளிர்ந்தவற்றில் ஹம்முஸையும் தபூலேவையும் இரட்டையாகச் சொல்லுங்கள், வகைகளைக் கூட்ட வேண்டாம். மேசையின் அந்தக் கோடியில் இருப்பவருக்குத் தட்டு எட்டாது.

முதல் சுற்றில் குளிர்ந்தவை மட்டும். ஒன்று மசித்தது (ஹம்முஸ் அல்லது முத்தபல்), ஒன்று பச்சை (தபூலே, அல்லது மொறு ரொட்டி சேர்த்த சாலடான ஃபத்தூஷ்), ஒன்று புளித்தது (கெட்டித் தயிரான லப்னே, பழுக்கவைத்த சீஸான ஷங்க்லீஷ் அல்லது வரக் இனப்). பாதி தீர்ந்ததும் சூடானவற்றைச் சொல்லுங்கள். சீஸ் சுருளான ரகாகாத் வந்து ஐந்து நிமிடத்துக்குள் மொறுமொறுப்பை இழந்துவிடும். முன்னாலேயே வந்து காத்துக்கிடந்தால் ரப்பர் மாதிரி இழுபடும். மஷாவியை ஆர்டர் செய்யும்போதே 'நாங்கள் சொன்ன பிறகு அடுப்பில் போடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். பரிமாறுகிறவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கிப்பே, ஃபதாயர் (உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட சின்ன ரொட்டி) மாதிரி எண்ணி வைக்கும் பதார்த்தங்கள் பெரும்பாலும் தட்டுக்கு நான்குதான் வரும். ஐந்து பேர் இருந்தால் இரண்டாவது தட்டு தேவையில்லை. 'ஒன்று கூட்டித் தர முடியுமா' என்று கேட்டால் பெரும்பாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் விலை போட்டுத் தருவார்கள்.

செட் மெனு ஆறு பேருக்கு மேல், எல்லாரும் கறி சாப்பிடுகிறவர்களாக இருந்தால் லாபம். மேசையில் இரண்டு சைவர்கள் இருந்தால் அவர்களுக்கும் கறிக்காரர் விலையே விழும்.

7. தட்டு வந்ததும் பார்க்க வேண்டியவை

தபூலே பச்சைக் குவியலாக இருக்க வேண்டும். பார்ஸ்லிதான் அதன் உடம்பு, உடைத்த கோதுமை அங்கங்கே தெரிந்தால் போதும். கோதுமைக்குள் கீரையைத் தேட வேண்டியிருந்தால் அது தபூலே அல்ல. தட்டின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் எப்போதோ கலந்து வைத்தது. புதிதாகக் கலந்து தரச் சொல்லத் தயங்காதீர்கள். ஹம்முஸின் மேல் ஏடு காய்ந்து விரிசல் விட்டிருந்தால் குளிர்பெட்டியில் கிடந்தது என்று அர்த்தம். நல்ல ஹம்முஸ் வழவழவென்று, நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றி, அறைச் சூட்டில் வரும்.

ரொட்டியைக் கையால் பிய்த்து, ஒரு துண்டைக் கரண்டி போல மடித்து, தட்டின் ஓரத்திலிருந்து உங்கள் பக்கமாக வழித்தெடுங்கள். நடுக்குழியில் குத்தினால் எண்ணெய் முழுக்க உங்களுக்கே வரும், மற்றவருக்கு வெறும் மாவு. கடித்த துண்டை மறுபடி தட்டில் தோய்க்கக் கூடாது. நம் வீட்டு எச்சில் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். தபூலேவை லெட்யூஸ் இலையில் அள்ளிச் சாப்பிடலாம், ருசி கூடும். ரொட்டி ஆறினால் வறண்டுவிடும். சூடாக வேறு கேளுங்கள், பெரும்பாலும் அதற்கு விலை இல்லை.

மஷாவி வரும்போது மேலே ஒரு ரொட்டி மூடியிருக்கும், அடியிலும் ஒன்று விரித்திருக்கும். மேல் ரொட்டிக்கு உள்பக்கம் சிவப்பு மசாலா தடவி, சுமாக் (புளிப்பான சிவப்புத் தூள்) தூவிய வெங்காயமும் பார்ஸ்லியும் வைத்திருப்பார்கள். தெரியாதவர்கள் அடி ரொட்டியை அலங்காரம் என்று நினைத்துத் தட்டோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கறியின் சாறும் கொழுப்பும் முழுக்க இறங்கி ஊறியிருப்பது அதில்தான். கறி தீர்ந்ததும் அதைப் பிய்த்துப் பங்கிடுங்கள்.

8. குடிக்க

உட்கார்ந்ததும் 'ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா' என்று கேட்பார்கள். எதைச் சொன்னாலும் இறக்குமதி பாட்டில் வரும், பெரிய பாட்டில் ஒரு மெஸே விலை ஆகலாம். 'லோக்கல் வாட்டர்' என்று சொல்லுங்கள்.

அரக் என்றதும் இலங்கைத் தென்னஞ்சாராயத்தை நினைக்காதீர்கள். இது திராட்சையில் வடித்துச் சோம்பு வாசம் ஏற்றியது. ஒரு பங்கு அரக், இரண்டு பங்கு தண்ணீர். முதலில் அரக், அடுத்து தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். ஐஸை முன்னால் போட்டால் சோம்பு எண்ணெய் உறைந்து மேலே படலம் கட்டும். மது வேண்டாதவர்களுக்கு அய்ரான் இருக்கிறது. உப்புப் போட்ட கெட்டி மோர், கறிக்கு மிகப் பொருத்தம்.

9. இனிப்பும் காபியும்

சேமியாவும் சீஸும் சேர்ந்த இனிப்பான குனாஃபா சூடாகச் சாப்பிட வேண்டியது. செய்து வர இருபது நிமிடம் வரை ஆகும், மஷாவி மேசைக்கு வந்ததும் சொல்லிவிடுங்கள். லெபனான் கடைகளில் தரும் துருக்கிக் காபிக்குச் சர்க்கரை சேர்த்துத்தான் கொதிக்கவைப்பார்கள், பிறகு கலக்க முடியாது. சர்க்கரை இல்லாமல் 'சாதா', அளவாக 'வசத்', இனிப்பாக 'ஹில்வே' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடியில் தூள் படிந்திருக்கும், கடைசி மடக்கை விட்டுவிடுங்கள். 'வெள்ளைக் காபி' என்று மெனுவில் இருந்தால் பால் காபி என்று நம்பிச் சொல்லாதீர்கள். வெந்நீரில் ஆரஞ்சுப் பூ நீர் ஊற்றியது, காபித் தூளே கிடையாது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அது நன்றாகவே இருக்கும்.

லெபனான் நண்பர் விருந்துக்கு அழைத்திருந்தால் பில்லில் பங்கு கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். ஒருமுறை கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள், அடுத்த விருந்தை நீங்கள் வையுங்கள். காபி முடிந்ததும் 'தாய்மே' என்று ஒரு சொல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இது என்றும் நிலைக்கட்டும் என்ற பொருளில் சொல்வது. அவர் முகம் மலரும்.

10. பில்லைச் சரிபார்ப்பது

ஓட்டல் உணவக மெனுவின் அடியில் பொடி எழுத்தில் மூன்று எண் இருக்கும்: 7 சதவீதம் நகராட்சிக் கட்டணம், 10 சதவீதம் சேவைக் கட்டணம், 5 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). பெரும்பாலும் இவை விலைக்குள் அடங்கியவை. 'சேவைக் கட்டணம் தனி' என்று எழுதியிருந்தால் 400 திர்ஹம் சாப்பாடு 440 ஆகும். ஆர்டருக்கு முன்பே அந்த வரியைப் படியுங்கள்.

சேவைக் கட்டணம் கட்டினாலும் அது முழுதும் பரிமாறியவருக்குப் போகும் என்று உறுதியில்லை. நன்றாகக் கவனித்திருந்தால் பத்து, இருபது திர்ஹத்தை ரொக்கமாக அவர் கையிலேயே கொடுங்கள்.

இந்திய வங்கி கார்டு வைத்திருப்பவர்களுக்கு: இயந்திரம் 'ரூபாயிலா, திர்ஹத்திலா' என்று கேட்டால் திர்ஹத்தை அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மோசமான மாற்று விகிதம் விழும். பரிமாறுகிறவர் உங்களுக்காக அழுத்திவிடப் பார்ப்பார், இயந்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக் கணக்கில் காட்ட வேண்டுமானால் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று எழுதி 15 இலக்க டி.ஆர்.என். (வரிப் பதிவு) எண் போட்ட பில் வேண்டும். கார்டுச் சீட்டு மட்டும் கொடுத்தால் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

11. கிளம்பும்போது

மீந்ததைப் பார்சல் கேட்பதில் வெட்கமே வேண்டாம், எல்லாரும் கேட்கிறார்கள். ஹம்முஸ், முத்தபல், மஷாவி மறுநாள் மதியத்துக்கு ஆகும். ஃபத்தூஷில் ரொட்டி ஊறிக் குழைந்துவிடும், கட்டாதீர்கள். பச்சைக் கறியை எக்காரணம் கொண்டும் கட்ட வேண்டாம். கார் எடுத்துப் போயிருந்தால் பார்க்கிங் அல்லது வாலே (காரை அவர்களே நிறுத்தித் தரும் சேவை) சீட்டை எழுந்திருப்பதற்கு முன் மேசையிலேயே கொடுத்து முத்திரை போட்டு வாங்குங்கள். வாசலுக்குப் போன பிறகு நினைவு வந்தால் மறுபடி மாடியேற வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டும்.